சுங்கை சிப்புட்: 70 வெள்ளி காரும் சிவந்த ரப்பர் இலையும்

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஈப்போவில் ஒரு கார்க்காரர் என்னிடம் 70 வெள்ளி (ரிங்கிட்) பிடுங்கிய கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதைக் கொட்டிவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

சீனப் பெருநாள் சமயம். சுங்கை சிப்புட்டிலேயே ஈடிஎஸ் என்ற விரைவு ரயில் நிற்கும், ஒழுங்கான மனிதர்கள் ஒரு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுவார்கள். நான் நான்கு நாள் முன்பு பார்த்தேன். ஒரு இருக்கைகூட இல்லை. சரி, பஸ். கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையம் வரை சாதாரண நாளில் மூன்று மணி நேரம். அன்றைக்கு ஆறே கால்.

நெரிசலைக்கூட மன்னித்துவிடலாம். என் தலைக்கு நேர் மேலே இருந்த ஏர்கோன் வாயின் மூடி உடைந்திருந்தது. மூடவும் முடியாது, திருப்பவும் முடியாது. குளிர்க்காற்று நேராக உச்சந்தலையில். போதாததற்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர், குறி வைத்தது போலக் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் டிஷ்யூ, பழைய ரசீது, பக்கத்து இருக்கைப் பாட்டி கொடுத்த பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தேன். கம்பார் பக்கம் மொத்தமும் பிதுங்கி மடியில் விழுந்தது. டிரைவரிடம் போய்ச் சொன்னால், "ஜாக்கெட் கொண்டு வரலையா?" என்கிறார். 38 வெள்ளி டிக்கெட்.

நடுங்கிக்கொண்டே அமான்ஜெயாவில் இறங்கினால் வெளியே அனல். பிப்ரவரி வெயில். வாடகைக் கார் செயலியில் வண்டியே காட்டவில்லை. சுங்கை சிப்புட் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், வழக்கமாக 30, 35 வெள்ளிக்குப் போய்விடலாம். அங்கே காரோடு நின்றிருந்தவர் 70 என்றார். ஏன் என்று கேட்டேன். பெருநாளாம், ஜாமாம், திரும்பி வர ஆள் கிடைக்காதாம், "அப்புறம் வெயில் வேற." மழைக்குக் கூடக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலுக்குக் கூடக் கேட்ட ஆள் இவர் ஒருவர்தான். பேசிப் பேசி 65-க்கு இறக்கினேன். இறங்கும்போது என்னிடம் ஒரு ஐம்பதும் ஒரு இருபதும் இருந்தன, அவரிடம் ஐந்து வெள்ளி சில்லறை இல்லை. இல்லாமல் போகுமா என்ன! அவர் காரில் ஏர்கோனும் வேலை செய்யவில்லை. பஸ்ஸில் கனடா, காரில் சகாரா.

கனடா என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரியப்பா மகள், என் அக்கா, வான்கூவருக்குப் பக்கத்தில் சர்ரேயில் இருப்பவள், ஆறு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்கத்தான் இந்தப் பாடு.

பெரியப்பா 31 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் வேலை பார்த்த தோட்டம் எப்போதோ செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டது. அவர் மட்டும் மூன்று ஏக்கர் பால் மரத்தை விடாமல் வைத்திருக்கிறார். சாயங்காலம் எங்களை அங்கே கூட்டிப்போனார். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "தம்பி, இது ஃபால்டா!" இலையுதிர் காலமாம்.

உண்மைதான். மரமெல்லாம் செம்பும் மஞ்சளுமாக நின்றன. ஒரு இலையை எடுத்துப் பார்த்தேன். ஒரு காம்பில் மூன்று இலை, ஓரமெல்லாம் துருப்பிடித்த சிவப்பு, நடு நரம்பில் மட்டும் ஒரு கோடு பச்சை பாக்கி. தரையில் கணுக்கால் வரை சருகு, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பால் பிடிக்கும் மங்குகளையெல்லாம் பெரியப்பா கவிழ்த்து வைத்திருந்தார். இலை உதிரும் இந்த இரண்டு மாதம் பால் குறைந்துவிடும், மரத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று வெட்டுவதில்லை. நல்ல வெயில் அடித்தால் ஒரே மூச்சில் உதிர்ந்து ஒரே மூச்சில் துளிர்க்குமாம். துளிர்க்கும் நேரத்தில் தூறல் வந்தால் இளம் இலையில் மாவு தடவின மாதிரி வெள்ளைப் பூசணம் பிடிக்கும், அந்த இலையும் கொட்டும், வருமானமும் கொட்டும். "வானத்தைப் பார்த்தே என் ஆயுசு போச்சு" என்றார், வருத்தமில்லாமல்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பதிவே எழுதலாம். மரவள்ளி இலையை இடித்துத் தேங்காய்ப்பாலில் நெத்திலி போட்டுப் பெரியம்மா வைத்த கீரை. நான்கு தடவை சோறு வாங்கினேன். போதும், மேலே எழுதினால் பசிக்கும்.

மறுநாள் காலை மூன்று பேரும் டவுனில் ஒரு தோசைக் கடையில். பெயர்ப் பலகை இல்லை, எண்ணெய்க் கறை பிடித்த சுவர், வாசலில் ஒரு பெரிய இரும்புக் கல். ஓரம் முறுகி நடுவில் பஞ்சாக இருக்கும் தோசை, கோழிக் குழம்பு, வெங்காயச் சட்னி. ஏழு தோசை, மூன்று தே தாரிக் (ஆற்றிய பால் டீ), 17 வெள்ளி 40 காசு. பெட்டாலிங் ஜெயாவில் இதற்கு இரண்டு மடங்கு கேட்பான், தோசையும் அட்டை மாதிரி இருக்கும்.

அங்கேதான் அக்கா கேட்டாள். "எங்க ஊர்ல நாளைக்கு மழையான்னு கேட்டா தப்பா சொல்றானுங்க. ஆனா இந்த வருஷம் வின்டர் எப்படி இருக்கும்னு செப்டம்பர்லயே சொல்றானுங்க. அது எப்படிடா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கக் கூடாது. நான் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாக்காரன். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுவதும் போனது. அதிலிருந்து மற்றவர்கள் கால்பந்து முடிவு பார்ப்பது போல நான் கடல் வெப்பநிலை வரைபடம் பார்க்கிறேன். மனைவிக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் விடுவேனா.

தோசைக் கல்லைக் காட்டினேன். கடைக்காரர் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது, கல் இன்னும் கை வைக்க முடியாத சூடு. கடல் அந்தக் கல். காற்று அதன் மேலே வரும் ஆவி. மேலே உள்ள மூன்று மீட்டர் கடல் நீர், மொத்தக் காற்று மண்டலமும் பிடிக்கிற அளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்று இரண்டு வாரத்தில் தன் பழைய கதையை மறந்துவிடும். கடலோ கோடையில் வாங்கின சூட்டை இலையுதிர் காலம் முழுக்க மெல்ல விட்டுக்கொண்டிருக்கும், அசாதாரணச் சூடு என்றால் அடுத்த வசந்தம் வரைகூட. அதனால் நாளைய மழை தவறினாலும் குளிர்காலம் எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிகிறது.

அவளுடைய ஊரே அதற்குச் சாட்சி. வான்கூவரும், கனடாவின் உள்நாட்டில் இருக்கும் வின்னிபெக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. ஜனவரிச் சராசரி வான்கூவரில் 4 டிகிரி, வின்னிபெக்கில் மைனஸ் 16. வான்கூவருக்கு வரும் மேற்குக் காற்று பசிபிக் மேல் குளித்துவிட்டு வருகிறது. லண்டன் இரண்டுக்கும் வடக்கே இருந்தும் பனியில் புதையாததற்கு அட்லாண்டிக்கின் அதே வேலைதான் பெரிய காரணம்.

"அது சரி, வருஷத்துக்கு வருஷம் ஏன் மாறுது?" என்று பெரியப்பா. மனிதர் சரியான இடத்தில் பிடித்தார்.

இங்கேதான் நம் பக்கத்துக் கடல் வருகிறது. இந்தோனேசியாவிலிருந்து மேற்குப் பசிபிக் வரை கிடக்கும் தண்ணீர் உலகத்தின் பெரிய அடுப்பு, 28, 29 டிகிரி. அதன் மேல் இடிமேகம் பதினைந்து கிலோமீட்டர் எழும்பி வெப்பத்தைக் கொட்டுகிறது. அந்த உந்துதல் அலை அலையாக வடக்கே போய், பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டத்தை வளைக்கிறது. எல் நினோ ஆண்டில் அந்தச் சூடு கிழக்கே, நடுப் பசிபிக்குக்கு நகர்கிறது. அடுப்பு நகர்ந்தால் வளைவும் நகரும். மேற்குக் கனடாவுக்கும் அமெரிக்காவின் வடபாதிக்கும் இதமான குளிர்காலம், தென் மாநிலங்களுக்கு மழை. லா நினாவில் சூடு நம் பக்கமே குவிகிறது. ஜெட் காற்று வட பசிபிக்கில் மேலே ஏறி, மேற்குக் கனடாவின் மேல் குளிரோடு இறங்குகிறது. இதற்கெல்லாம் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? நடுப் பசிபிக்கின் ஒரு பட்டையில் வழக்கத்தைவிட அரை டிகிரி கூடினாலோ குறைந்தாலோ. அரையே அரை டிகிரி. தே தாரிக்கில் அது தெரியவே தெரியாது.

அக்கா சும்மா இருந்தாள். பிறகு, "2021-ல நவம்பர்ல எங்க பக்கம் அபட்ஸ்ஃபோர்டு முழுகிச்சே" என்றாள். ஹைவே உடைந்து, ரயில் பாதை போய், வான்கூவருக்குக் கனடாவின் மற்ற பகுதிகளோடு சாலைத் தொடர்பே அறுந்த வாரம். அதற்கு ஐந்து வாரம் கழித்து எங்கள் ஸ்ரீ மூடா. இரண்டும் ஒரே லா நினா குளிர்காலம். ஆனால் இதை வைத்து எல்லாவற்றையும் லா நினா தலையில் கட்டும் ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். அபட்ஸ்ஃபோர்டை முழுகடித்தது வெப்பக் கடலிலிருந்து நீராவியை வாரிக்கொண்டு வந்த ஒரு மேக ஆறு. எங்களை முழுகடித்தது தென்சீனக் கடலிலிருந்து குவாந்தான் பக்கம் கரையேறித் தீபகற்பத்தைக் கடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு. கடல் சீட்டைக் கலைத்து வைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். எந்தச் சீட்டு யார் கையில் விழும் என்பது வேறு. சில வருடம் வட துருவத்துக் காற்று தெற்கே சரிந்து கடல் சொன்னதையெல்லாம் பொய்யாக்கிவிடும்.

பெரியப்பா தன் கணக்கைச் சொன்னார். பெரிய வறட்சி வந்தால் செம்பனையில் அந்த வருடம் ஒன்றும் தெரியாது, ஆண் பூ கூடி, அடுத்த வருடம்தான் குலை குறையும். எனக்கு ஞாபகம் வந்தது. 2015 எல் நினோ. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நியூயார்க்கில் 22 டிகிரி, ஜனங்கள் சட்டையோடு நடந்தார்கள். இங்கே 2015-ல் ஏறக்குறைய 2 கோடி டன்னாக இருந்த செம்பனை எண்ணெய் 2016-ல் 1.73 கோடி டன்னாக விழுந்தது. "அங்க ஜாக்கெட் மிச்சம், இங்க கூலி மிச்சமில்ல" என்றார் பெரியப்பா. இன்னொரு தே தாரிக் சொன்னார்.

அப்புறம் நான் சொன்னது அவருக்குப் புதிது. தாது வருஷப் பஞ்சம் என்று அவருடைய ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறார். 1876-ல் தொடங்கி மதராஸ் மாகாணத்தைச் சாப்பிட்ட பஞ்சம். அதன் பின்னால் நின்றதும் 1877-ன் பெரிய எல் நினோதான். வெள்ளைக்காரன் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கடலை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க விடக்கூடாது. மழை ஏன் பொய்க்கிறது என்று தேடித்தான் 1904-லிருந்து 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், இந்தியப் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் பசிபிக் பக்கம் இறங்கும் ஊசலைக் கண்டுபிடித்தார். மேற்குக் கனடாவின் குளிர்காலமும் அந்த ஊசலோடு ஆடுகிறது என்றார். கேலி செய்தார்கள். 1969-ல் பியெர்க்னஸ் என்ற நார்வேக்காரர்தான் ஊசலையும் கடல் சூட்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்.

"அப்ப அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம்தான் எங்க தாத்தா மாதிரி ஆளுங்க மலாயாவுக்குக் கப்பல் ஏறினது" என்றார் பெரியப்பா. தாத்தா ஏறியது முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான். நான் திருத்தவில்லை. அக்கா கேட்டாள், "இவ்ளோ தெரிஞ்சவன் ஏன்டா டிக்கெட் முன்னாடியே எடுக்கல?"

சரி, வாக்குக் கொடுத்த விவரம். ரயில் கிடைத்தால் ரயில், இல்லாவிட்டால் பெருநாள் முடிந்து போங்கள். அமான்ஜெயாவில் சில்லறையோடு இறங்குங்கள். தங்கச் செலவு எனக்கு இல்லை, பெரியப்பா வீடு. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள் இருக்கின்றன, மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப் பள்ளி இருக்கிறது, இரண்டையும் வண்டியிலிருந்துதான் பார்த்தேன். மொத்தச் செலவு 211 வெள்ளி. அதில் 70-ஐ நான் இன்னும் செலவுக் கணக்கில் எழுதவில்லை, திருட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

அக்கா போன வாரம் திரும்பிவிட்டாள். ஒரு ரப்பர் இலையை ஏதோ பத்திரிகைக்குள் வைத்துக் கொண்டு போயிருந்தாள். நேற்று படம் அனுப்பினாள். சமையலறை ஜன்னலில் ஒட்டியிருக்கிறது, பின்னால் மழை. பனி இல்லையா என்று கேட்டேன். "இல்ல. உன் கடல்கிட்ட கேளு" என்று பதில் வந்தது.