அகலத்திரை மானிட்டர் வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை

விலை குறைந்த மானிட்டர்களில் நாலைந்தின் விவரப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். 1920×1080, 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு), 178 டிகிரி, 1.67 கோடி நிறங்கள், 5 மில்லிசெகண்ட். அதே மானிட்டர்களை ஒரே மேசையில் வைத்து ஒரே பக்கத்தைத் திறந்தால் ஒன்றில் எழுத்து கூர்மையாக இருக்கும், ஒன்றில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், இன்னொன்றில் ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும். காரணம், அந்தப் பட்டியலில் பாதிதான் அப்படியே நம்பக்கூடியது: அளவு, ரெசல்யூஷன் (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை), போர்ட், ஸ்டாண்ட். மற்ற பாதி எப்படி அளந்தார்கள் என்று தெரியாமல் ஒப்பிடவே முடியாது. நம்பக்கூடியதை வைத்து முதலில் வடிகட்டி, மிச்சத்தைக் கண்ணால் சரிபார்த்துக்கொண்டால் தேர்வு பெரும்பாலும் தவறாது.

முதல் வடிகட்டல் அளவும் ரெசல்யூஷனும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் (புள்ளி) என்று கணக்குப் போடுங்கள். 1920×1080 திரையின் மூலைவிட்டத்தில் 2203 பிக்சல் அளவு வரும். அதை இன்ச்சால் வகுத்தால் போதும். 24 இன்ச்சில் 92, 27 இன்ச்சில் 82, 21.5 இன்ச்சில் 102. 2560×1440 திரைக்கு மூலைவிட்டம் 2937. 27 இன்ச்சில் 109 வரும், 32 இன்ச்சில் மறுபடி 92. அதாவது 32 இன்ச் 1440பி (2560×1440) திரையும் 24 இன்ச் 1080பி (1920×1080) திரையும் எழுத்தின் கூர்மையில் ஒன்றுதான். இடம் மட்டும்தான் கூடும்.

குறைந்த விலையில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது 27 இன்ச் 1080பியில். பெட்டி பெரிதாக இருக்கிறது, விலை 24 இன்ச்சை விடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆசை வருவது இயல்பு. ஆனால் அதில் ஒரு பிக்சலின் அகலம் 0.31 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண் 60 சென்டிமீட்டர் தூரத்தில் சுமார் 0.17 மில்லிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கும். தமிழ் எழுத்தில் ஞ, ணை, ஜௌ போன்ற நெருக்கமான வளைவுகள் அங்கே படிக்கட்டு போல உடைந்து தெரியும். படம் பார்க்க, இரண்டடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து விளையாட அது போதும். நாள் முழுக்க எழுத்தோடு வேலை என்றால் 1080பிக்கு 24 இன்ச்சே மேல் எல்லை; 27 வேண்டுமென்றால் 1440பிக்குப் பணம் சேரும்வரை பொறுப்பது நல்லது.

அகலத்திரையில் இன்ச் என்பது மூலைவிட்டம். அதை மட்டும் பார்த்தால் உயரம் ஏமாற்றிவிடும். பழைய 19 இன்ச் 5:4 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) மானிட்டரின் உயரம் 30 சென்டிமீட்டர். 21.5 இன்ச் 16:9 திரையின் உயரம் 27 சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. பழையதிலிருந்து 'பெரியதுக்கு' மாறியவர் ஆவணங்களில் வரிகள் குறைந்துவிட்டதாக உணர்வது இதனால்தான். 24 இன்ச் 16:9 என்றால் 53 × 30 சென்டிமீட்டர். அதே 24 இன்ச்சில் 16:10 கிடைத்தால் உயரம் 32 சென்டிமீட்டருக்கு மேல், 1920×1200 பிக்சல். எழுதுபவர்களுக்கும் கணக்குத் தாள் பார்ப்பவர்களுக்கும் அந்தக் கூடுதல் 120 பிக்சல் வரிசை பெரிய உதவி. 21:9 திரைகளில் 29 இன்ச், 2560×1080 வகை 24 இன்ச் திரையை விட உயரத்தில் கொஞ்சம் குறைவு, அகலத்தில் 15 சென்டிமீட்டர் கூடுதல். அதே 2560×1080 ரெசல்யூஷனை 34 இன்ச்சில் இழுத்திருந்தால் 82 பிக்சல்தான் வரும். 27 இன்ச் 1080பியின் குறை அங்கேயும் அப்படியே இருக்கும்.

கத்தரிக்கோலும் அட்டைப்பெட்டியும் இருந்தால், திரையின் அளவுக்கு அட்டையை வெட்டி மேசையில் நிறுத்திப் பாருங்கள். ஸ்டாண்டின் கால் பின்னால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் பட்டியலில் பார்த்து அளந்துகொள்ளுங்கள். மேசை ஆழம் போதாமல் திரை முகத்துக்கு நேரே வந்து நிற்பது வாங்கிய பிறகுதான் தெரியவரும் தொல்லை.

அடுத்தது பேனல், அதாவது படத்தைக் காட்டும் பலகை. டிஎன், ஐபிஎஸ், விஏ என்ற மூன்று வகைகளில் எது என்பது பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் பார்வைக் கோணத்தைப் பாருங்கள்: 170/160 என்றிருந்தால் டிஎன், 178/178 என்றால் ஐபிஎஸ் அல்லது விஏ. அந்த 178 என்பது நிறம் மாறாமல் தெரியும் கோணம் அல்ல. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 10:1 வரை சரிந்தாலும் 'தெரிகிறது' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும் கோணம். அதனால் இரண்டு 178-களை ஒப்பிட்டுப் பயனில்லை.

டிஎன் பேனலைக் கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகக் கறுத்துப்போகும். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாலே திரையின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் வெளிச்சம் வேறாகத் தெரியும். புதிதாக வாங்குபவருக்கு டிஎன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஐபிஎஸ்ஸில் நிறம் கோணத்துக்குக் கோணம் அதிகம் மாறாது, ஆனால் கான்ட்ராஸ்ட் 1000:1 அளவில்தான். விஏ 3000:1 வரை போகும். வெள்ளையை 120 நிட்ஸில் வைத்தால் ஐபிஎஸ்ஸின் கறுப்பு 0.12 நிட்ஸ், விஏயின் கறுப்பு 0.04. விளக்கணைத்த அறையில் படம் பார்ப்பவருக்கு இந்த மூன்று மடங்கு நன்றாகவே தெரியும். பகல் வெளிச்சத்தில் வேலை பார்ப்பவருக்குத் தெரியாது.

விஏயின் குறை வேறிடத்தில் இருக்கிறது. கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறும்போது அதன் பிக்சல் மிக மெதுவாக நகரும். கறுப்புப் பின்னணியில் மங்கிய சாம்பல் எழுத்துள்ள பக்கத்தைத் திறந்து வேகமாக ஸ்க்ரோல் செய்யுங்கள். எழுத்துக்குப் பின்னால் மை கலைந்தது போல ஒரு வால் இழுபடும். வெள்ளைப் பின்னணியில் அதே எழுத்து சுத்தமாக ஓடும். பட்டியலில் உள்ள 5 மில்லிசெகண்ட் இதைச் சொல்லாது. அது சாம்பலிலிருந்து சாம்பலுக்கு மாறும் வேகங்களில் நல்லதாகப் பார்த்து எடுத்த எண். இருண்ட தீம் வைத்து வேலை செய்பவர் இந்தச் சோதனையைச் செய்யாமல் விஏ வாங்க வேண்டாம்.

1 மில்லிசெகண்ட் என்று பெரிதாகப் போட்டிருந்தால் பக்கத்தில் எம்பிஆர்டி என்ற சிற்றெழுத்து இருக்கிறதா பாருங்கள். அது பிக்சல் மாறும் வேகமே அல்ல. பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கை) விட்டு விட்டு எரியவைத்துக் கண்ணுக்கு மங்கல் தெரியாமல் செய்யும் வித்தை. அந்த வசதியை இயக்கினால் வெளிச்சம் குறையும். இதுபோலவே பிக்சலை வேகமாக மாறவைக்கும் ஓவர்டிரைவ் என்ற செட்டிங்கை உச்சத்தில் வைத்தால் நிழல் போய், அதற்குப் பதிலாக ஓடும் பொருளைச் சுற்றி வெளிறிய விளிம்பு வரும். பெரும்பாலான மானிட்டர்களில் நடு அளவுதான் சரியானது.

கான்ட்ராஸ்டில் 'டைனமிக்' என்று தொடங்கி கோடிக்கு ஒன்று என்று எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். திரை முழுக்கக் கறுப்பாகும்போது பேக்லைட்டையே தணித்துவிட்டு அளக்கும் எண் அது. ஒரே காட்சியில் கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் இருக்கும்போது அது உதவாது. ஸ்டாட்டிக் கான்ட்ராஸ்ட் என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) என்ற எழுத்தும் இப்படித்தான். 250, 300 நிட்ஸ் திரை அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டாது. திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பின் எச்டிஆர் சான்றிதழில் ஆரம்பப் படியே 400 நிட்ஸ்.

நிறத்தைப் பொறுத்தவரை 8 பிட் பேனல் 1,67,77,216 நிறங்களைத் தரும். 6 பிட் பேனல் 2,62,144 நிறங்களைத் தந்துவிட்டு, மிச்சத்தை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிக் கண்ணில் கலக்கவிடும். பழைய பட்டியல்களில் 1.62 கோடி என்று இருந்தால் அது இந்த இரண்டாம் வகை. இப்போது இரண்டுக்குமே 1.67 கோடி என்று எழுதிவிடுகிறார்கள். அலுவலக வேலைக்கு இது பொருட்டில்லை. புகைப்படம் திருத்துபவர் கவனிக்க வேண்டியது எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற வரம்பு) எத்தனை சதவீதம் என்பதை. சில பட்டியலில் அதற்குப் பதில் என்டிஎஸ்சி (இன்னும் விரிந்த பழைய நிற வரம்பு) 72% என்றிருக்கும். குறைவாகத் தோன்றினாலும் அது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45% என்றிருந்தால்தான் சிவப்பெல்லாம் செங்கல் நிறத்தில் வெளிறும்.

போர்ட் விஷயத்தில் உங்கள் கணினியின் பின்புறத்தை முதலில் பாருங்கள். விஜிஏ மட்டும் இருந்தால் 1080பி வரை ஓட்டலாம், ஆனால் அனலாக் என்பதால் எழுத்தோரம் மங்கும். மெனுவில் ஆட்டோ அட்ஜஸ்ட் கொடுத்தும் சரியாகவில்லை என்றால் 'ஃபேஸ்' அளவை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். ஒரு புள்ளியில் எழுத்து சட்டென்று கூர்மையாகும். 4கே (3840×2160) திரையை எச்டிஎம்ஐ 1.4-இல் மாட்டினால் 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 படம்) மேல் வராது, மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 தேவை. டைப்-சி ஓட்டை இருக்கிறது என்பதாலேயே படம் வராது. லேப்டாப்பின் அந்த ஓட்டை டிஸ்ப்ளே சிக்னலை அனுப்பக்கூடியதா என்று அதன் கையேட்டில் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டைப் பலரும் கடைசியாகப் பார்க்கிறார்கள், கழுத்துதான் அதற்கு விலை கொடுக்கிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் முன்பின் சாய்க்க மட்டுமே முடியும், உயரம் மாறாது. அப்படியானால் பின்புறம் 100×100 அல்லது 75×75 மில்லிமீட்டர் வெசா துளை (வேறு தாங்கி மாட்டும் துளை) இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; எல்லா மாடலிலும் இருப்பதில்லை. பெரும்பாலும் எம்4 திருகு போகும். துளை பள்ளத்துக்குள் இருந்தால் நீளத் திருகும் இடைவளையமும் வேண்டியிருக்கும். உள்ளே கட்டப்பட்ட ஸ்பீக்கரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். ஒரே மாடல் பெயரில், கடைசி ஓரிரு எழுத்து மட்டும் மாறி, உள்ளே வேறு பேனல் வருவதுண்டு. பேனல் செய்பவை எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூஓ, பிஓஇ, இன்னோலக்ஸ் போன்ற சில நிறுவனங்களே. பெட்டியில் பெயர் போடும் பிராண்ட் பலவும் அவர்களிடமிருந்து வாங்குபவை. அளவுக்கருவி வைத்துச் சோதித்தவர்களின் முடிவைப் படிக்கும்போது மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள்.

வாங்குவதற்கு முன்பே டெட் பிக்சல் (செயலிழந்த புள்ளி) விதியையும் படித்துவிடுங்கள். 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரத்தில் இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் அணைந்த பிக்சல் 2, துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் பகுதி) குறை 5 வரை அனுமதி இருந்தது. 1080பியில் 20 லட்சத்துக்கு மேல் பிக்சல் இருப்பதால் இது இரட்டிப்பாகும். 2008-இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தது. திரை நடுவில் ஒரு பச்சைப் புள்ளி விடாமல் எரிந்தாலும் வாரன்டியில் 'குறையில்லை' என்று சொல்லிவிட இடமிருக்கிறது. அதனால் காரணம் கேட்காமல் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாட்கள் எத்தனை என்பதும் ஒப்பீட்டில் ஒரு அம்சம்தான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியையும் தெர்மாகோலையும் வெட்டாமல் எடுத்து வையுங்கள். அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று முழுத்திரையில் ஒவ்வொரு நிறமாகப் போட்டு மூலை மூலையாகப் பாருங்கள். கறுப்பில், இருட்டறையில், ஐபிஎஸ் திரையின் மூலைகள் வெளிறித் தெரியும். தலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், மூன்று மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள். வெளிறல் நகர்ந்தால், குறைந்தால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு. இருந்த இடத்திலேயே மஞ்சளாகப் பளிச்சிட்டு நின்றால் விளிம்பில் பேக்லைட் கசிகிறது, மாற்றச் சொல்லலாம்.

பிரைட்னஸை 25-க்குக் குறைத்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் மங்கலாக ஒரே விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் பேக்லைட் அணைந்து அணைந்து எரிகிறது. சிலருக்கு இது தலைவலி தரும்.

படம் வெளிறித் தெரிகிறது என்று திருப்பி அனுப்பப்படும் மானிட்டர்களில் சிலவற்றுக்குக் குறை செட்டிங்கில்தான். எச்டிஎம்ஐயில் மாட்டும்போது கணினி அதை டிவி என்று நினைத்து 0–255-க்குப் பதில் 16–235 அளவில் சிக்னல் அனுப்பிவிடும். கறுப்பு சாம்பலாகும். கிராஃபிக்ஸ் கார்டின் மென்பொருளில் ஆர்ஜிபி, ஃபுல் ரேஞ்ச் என்று மாற்றினால் சரியாகும். ஓரங்கள் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை (படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் செட்டிங்கை) நிறுத்துங்கள். 75 அல்லது 100 ஹெர்ட்ஸ் மானிட்டரும் விண்டோஸில் 60-இலேயே நின்றுவிடுவதுண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் கையால் மாற்ற வேண்டும்.

மானிட்டர்கள் பலவும் கடைக்கான வெளிச்சத்தில் செட் செய்யப்பட்டுத்தான் வருகின்றன. வழக்கமாக உட்காரும் நேரத்தில், அறை விளக்கு எரியும்போது, ஒரு வெள்ளைக் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். திரையின் வெள்ளை விளக்கு போல எரிந்தால் பிரைட்னஸைக் குறையுங்கள், காகிதத்தை விட அழுக்காகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, கான்ட்ராஸ்ட் செட்டிங்கை வந்தபடியே விட்டுவிடுங்கள்.