மாமியின் புளியங்கொட்டைகளும் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களும்

2024 நவம்பர் 15, போயா எனும் பௌர்ணமி விடுமுறை. முந்தின நாள்தான் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல். யாழ்ப்பாண முடிவை வானொலியில் கேட்ட மாமி என்னைக் கூப்பிட்டார்.

"வீட்டுக்கு 63 ஆயிரம், சைக்கிளுக்கு 28 ஆயிரம். ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு ஆசனமோ? உதென்ன கணக்கு, தம்பி?"

வீடும் சைக்கிளும் கட்சிகளின் சின்னங்கள்; இங்கே கட்சிகளைச் சின்னத்தின் பெயரில்தான் சொல்வோம். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வாக்குச்சீட்டில் புள்ளடி போடத் தெரிந்த எத்தனையோ பேருக்கு அது ஆசனமாக மாறும் வழி தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

புளியிலிருந்து நீக்கிய கொட்டைகள் ஒரு பழைய மா டின்னில் இருந்தன. ஆயிரம் வாக்குக்கு ஒரு கொட்டை என்று பாயில் குவித்தோம். திசைகாட்டி 81, வீடு 63, சைக்கிள் 28, ஊசிச் சின்னத்துச் சுயேச்சைக் குழு 28, சங்கு 23, வீணை 18. மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காதவர்களின் வாக்கு கணக்கில் சேராது, அதனால் அவர்களுக்குக் குவியல் இல்லை.

ஆசனம் ஆறு. கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒன்று சும்மா போகும், அதுதான் போனஸ். மிச்சம் ஐந்து. எல்லாக் கொட்டையையும் சேர்த்தால் 241. அதை ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48 கொட்டை. திசைகாட்டி 48 கொடுத்து ஒன்று வாங்கியது, கையில் மீதி 33. வீடும் ஒன்று வாங்கியது, மீதி 15. மற்றவர்களிடம் 48 இல்லை. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவை பெரிய மீதி வைத்திருப்பவர்களுக்கு: 33, 28, 28. திசைகாட்டிக்கு மொத்தம் மூன்று, வீட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று.

வீட்டுச் சின்னத்தின் மீதி 15 கொட்டையை மாமி கையில் அள்ளிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உது வீண்தானே?"

போனஸ் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பவும் குவித்தேன். ஆறால் பிரித்தால் விலை 40. திசைகாட்டிக்கு இரண்டு. வீட்டுக்கு ஒன்று போக மீதி 23. சைக்கிளுக்கும் ஊசிக்கும் மீதியில் ஒவ்வொன்று. கடைசி ஆசனத்துக்கு வீடும் சங்கும் 23க்கு 23 என்று நின்றன. உண்மையான வாக்குகளை எடுத்துப் பார்த்தால் வீடு சில நூறு முன்னால். அந்த ஆசனம் வீட்டுக்குப் போயிருக்கும். யார் வென்றார், யார் தோற்றார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 19 ஆசனம் உள்ள கம்பஹாவில் ஒரு போனஸ் பெரிதாகத் தெரியாது. ஆறில் ஒன்று என்பது மாவட்டத்தின் ஆறில் ஒரு பங்கு. சின்ன மாவட்டத்துக்கு இது நியாயமான விதி இல்லை என்பது என் முடிவான எண்ணம்.

"முந்தித் தொகுதிக்கு ஒராள், சுகமாய் விளங்கும்" என்றார் மாமி. விளங்கும்தான். ஆனால் அந்த முறையில் 1977இல் பாதிக்குச் சற்றே கூடிய வாக்கோடு ஒரு கட்சி 168இல் 140 ஆசனத்தை அள்ளியது. 1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது, 1989இல்தான் அந்த முறையில் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது.

கட்சிக்குள் அந்த ஆசனம் யாருக்கு என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். மாமி இத்தனை வருடமும் சின்னத்துக்கு மட்டும் புள்ளடி போட்டிருக்கிறார், கீழே உள்ள வேட்பாளர் இலக்கங்களைத் தொட்டதே இல்லை. மூன்று இலக்கத்துக்குப் போடலாம், நாலாவதைப் போட்டால் விருப்பு வாக்கு எல்லாம் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம் தேசியப் பட்டியல். 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்கின்படி. வீட்டுக்கு அதில் ஒன்று கிடைத்தது. 15 கொட்டை முழுக்க வீண் இல்லை என்றதும் மாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எங்களுக்கு ஏன் ஆறு? முந்திக் கூட இருந்ததெல்லே?"

2010இல் ஒன்பது, 2020இல் ஏழு, இப்போது ஆறு. 196இல் 36 ஆசனம் ஒன்பது மாகாணங்களுக்கும் நாலு நாலாகப் பிரிகிறது, மற்ற 160 பதிவு செய்த வாக்காளர் தொகையைப் பார்த்து. வெளிநாட்டில் இருந்துகொண்டு வாக்களிக்க இங்கே வழியில்லை. மாமி பேசாமல் கொட்டைகளை டின்னுக்குள் போட்டார். மாமி குடியிருக்கும் வீட்டு இலக்கத்தில் ஒரு காலம் வாக்காளர் பட்டியலில் ஐந்து பெயர் பதிவாகியிருந்தது. மாமா காலமாகிவிட்டார், பிள்ளைகள் மூவரும் கனடாவில். இப்போது இருப்பது மாமியின் பெயர் மட்டும்.