சிவப்பு மத்தாப்பு

எதிர்வீட்டுப் பையன் தீபாவளியில் மிச்சம் வைத்த மத்தாப்பை இன்று மாலை கொளுத்தினான். சுற்றுச்சுவர் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆனது.

அந்தச் சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம்.

2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்கள் விட்டுப்போன, நெருக்கி இறுகிய கருக்கள்) மோதிய சேதி பூமிக்கு வந்து சேர்ந்தது. அந்த மோதலின் வெளிச்சத்தை அலசியவர்கள் அதிலும் ஸ்ட்ரான்சியத்தின் தடயம் இருப்பதாக 2019இல் அறிவித்தார்கள்.

இப்படி ஒரு மோதலில் நியூட்ரான்கள் மிதமிஞ்சிக் கிடந்தால் அணுக்கருக்கள் அவற்றை விழுங்கி விழுங்கித் தங்கம், யுரேனியம் என்று கனத்துக்கொண்டே போகும். குறுக்கே வருவது நியூட்ரினோ என்ற நுண்துகள். ஒவ்வொரு நொடியும் நம் உடலைக் கோடிக்கணக்கில் துளைத்துப் போயும் ஒன்றும் செய்யாத அதே சாது!

மோதலின் கொதிப்பில் நியூட்ரினோக் கூட்டம் அத்தனை அடர்த்தி. அதனால் அது நியூட்ரான்களில் ஒரு பகுதியைப் புரோட்டான்களாக மாற்றிவிடுகிறது. அங்கே தனிமங்கள் ஸ்ட்ரான்சியம் போன்ற இலகுவானவற்றோடு நின்றுவிடுகின்றன.

முதலில் நீலமாகத் தெரிந்த வெளிச்சம் சில நாட்களில் சிவந்தது. நியூட்ரினோ அதிகம் கைவைத்த பகுதி நீலம், அவ்வளவாக எட்டாத பகுதி சிவப்பு என்பது பரவலான விளக்கம். (இந்தச் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் பொறுப்பல்ல, லாந்தனைடுகள் என்ற கனமான தனிமங்கள்.)

எல்லோரும் தங்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதைத் தடுத்தவன்மேல்தான் பிரியம்.