யாரும் மீட்டாத காந்தாரம்

தம்பூராவில் நான்கே தந்திகள்: பஞ்சமம் ('ப'), ஒரே ஸட்ஜத்தில் ('ஸ') ஒலிக்கும் சாரணி, அனுசாரணி, கீழ் ஸட்ஜத்தில் ஒலிக்கும் மந்தரம். பஞ்சமமும் ஸட்ஜமும் தவிர வேறு சுரம் கிடையாது. ஆனாலும் சுருதி நன்றாகச் சேர்ந்துவிட்டால் மந்தர ஸட்ஜத்துக்கு மேலே அந்தர காந்தாரம் ('க' சுரத்தின் ஒரு வகை) தானே எழும்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். மந்தரத் தந்தி ஒருமுறை அதிரும் நேரத்தில் ஐந்து முறை அதிரும் ஓசை அது. பாடகர் வாய் திறக்குமுன்பே சபையில் மனசு அடங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

முதலில் சாரணியைச் சுருதிப் பெட்டியோடு சேருங்கள். பிறகு அனுசாரணியைச் சாரணியோடு. இரண்டையும் சேர்த்து மீட்டும்போது 'வவ்... வவ்...' என்று ஓர் அலை கேட்கும். நொடிக்கு ஓர் அலை என்றால் இரண்டுக்கும் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம். அலை நீண்டு நீண்டு மறைய வேண்டும். அந்தக் கடைசி இழைக்குப் பிருடையை (தந்தியை முறுக்கும் முளையை) தொடாதீர்கள், தாண்டிப் போய்விடும். குதிரைக்கு (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) கீழே தந்தியில் கோத்திருக்கும் சிறு மணியை நகர்த்துங்கள்: கீழே தள்ளினால் சுருதி ஏறும், குதிரைப் பக்கம் கொண்டுவந்தால் இறங்கும். அடுத்து மந்தரம், கடைசியில் பஞ்சமம்.

இனி ஜீவா. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் வைக்கும் பருத்தி நூல். ஒரு மயிரிழை நகர்த்துவது, மீட்டிப் பார்ப்பது, மறுபடி நகர்த்துவது. ஓர் இடத்தில் தந்தி சட்டென்று 'திறந்து' ரீங்கரிக்கும். அந்த இடம் தவறினால் மொட்டைச் சத்தம், இல்லாவிட்டால் தகர இரைச்சல். நூலை நகர்த்தியதும் சுருதியும் கொஞ்சம் விலகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மணியிடம் திரும்பிப் போகத்தான் வேண்டும். பிருடை வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் பொடி போதும். குளிரூட்டிய சபாவில் பாடுவதென்றால் அரை மணி முன்பே உறையைக் கழற்றி மேடையில் வைத்துவிடுங்கள். பின்னறையில் சேர்த்த சுருதி மேடையில் நிற்காது.

பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல். நகம் படக்கூடாது, விரலின் சதையால் வருடினால் போதும். பாட்டின் தாளத்துக்கு மீட்டுவது பெரிய தப்பு: ஓசை துண்டு துண்டாகிவிடும். ஒரு தந்தி ஓயுமுன் அடுத்தது எழ வேண்டும்.

காந்தாரம் இன்னும் கேட்கவில்லையா? மந்தரத்தின் ஜீவாவைத்தான் முதலில் பாருங்கள்.