இரண்டாம் பக்கத்தில் இருந்த பொட்டாசியம்

2021 மே 15ஆம் தேதி என் அப்பாவைக் கொரோனாவுக்காகக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ரெம்டெசிவிருக்கும் அந்த மாதத்தில் எல்லாக் குடும்பங்களும் அலைந்தன, நாங்களும் அலைந்தோம். அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. தசைகளும் இதயமும் சரியாக இயங்கத் தேவையான பொட்டாசியம் என்ற உப்பு அப்பாவின் இரத்தத்தில் ஐந்து நாட்களாகக் குறைந்துகொண்டே போனதை யாரும் பார்க்காமல் விட்டதையும், பார்க்க வைப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டையும் எழுத வேண்டும் என்று நெடுநாட்களாக நினைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

சேர்த்த அன்றே எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு இரண்டு பக்கங்களாகத் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. முதல் பக்கத்தில் இருந்த, அழற்சியையும் இரத்த உறைவையும் காட்டும் சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் ஆகியவற்றைத்தான் நாங்கள் பெரிதாக்கிப் பார்த்தோம். தெரிந்த மருத்துவர்களுக்கெல்லாம் அனுப்பியதும் அந்தப் பக்கத்தையும், நுரையீரல் பாதிப்பைச் சொல்லும் சிடி ஸ்கேன் ஸ்கோரையும்தான். யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் எல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. பொட்டாசியம் 3.1 என்று அச்சாகி, அருகில் குறைவு என்பதற்கான குறியும் இருந்தது. இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை என்பதால், கொஞ்சம்தானே குறைவு என்று நானும் கடந்துவிட்டேன். அச்சிட்ட பிரதியின் இரண்டாம் பக்கமோ காப்பீட்டு முன் அனுமதிக்கான கோப்போடு போய்விட்டது. வார்டில் இருந்த கேஸ் ஷீட்டில் முதல் பக்கம் மட்டுமே இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

அதைவிடப் பெரிய பிழை சேர்க்கையின்போதே நடந்தது. வழக்கமாக என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டபோது "பிபி மாத்திரை" என்று சொன்னேன். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் டெல்மிசார்டனுடன் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை. இரண்டாவதாகச் சொன்னது சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மருந்து. அந்த உப்போடு பொட்டாசியமும் போய்விடும். காய்ச்சலுடன் மூன்று நாட்கள் வயிற்றுப்போக்கும் இருந்த ஒருவருக்கு அந்த மாத்திரை மருத்துவமனையிலும் தினமும் காலையில் தவறாமல் கொடுக்கப்பட்டது. இதோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 6 மில்லிகிராம் தொடங்கினார்கள். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் 2020 ஜூனில் உயிர்காக்கும் மருந்தாக நிறுவப்பட்ட அளவு அதுதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியது, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டார்கள்; இன்சுலின் பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளும். மூச்சுக்காக வைத்த சால்பியூட்டமால் நெபுலைசரும் அதையே செய்யும். சாப்பாடும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் சிறியது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன.

20ஆம் தேதி காலையில் அப்பா தொலைபேசியில், "காலைத் தூக்க முடியலை கண்ணு, குப்புறப் படுக்கச் சொல்றாங்க, திரும்பவே முடியலை" என்றார். வயிறு உப்பியிருப்பதாகவும், நெஞ்சில் அவ்வப்போது ஏதோ தவறித் துடிப்பதுபோல இருப்பதாகவும் சொன்னார். வார்டுக்கு அழைத்துக் கேட்டால், "கோவிட்ல எல்லாருக்கும் வர்ற வீக்னஸ்தானுங்க" என்று வைத்துவிட்டார்கள். அன்றுதான் இரண்டாம் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன்.

அடுத்த மூன்று மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. 15ஆம் தேதிக்குப் பிறகு பொட்டாசியம் பார்த்தார்களா என்று கேட்க ரிப்போர்ட் கவுன்டருக்குப் போனேன். டிஸ்சார்ஜ் ஆகும்போதுதான் தருவோம் என்று சொல்லி பில்லிங்குக்கு அனுப்பினார்கள்; பில்லிங்கில் இருந்தவர் நர்சிங் ஸ்டேஷனைக் கேட்கச் சொன்னார்; நர்சிங் ஸ்டேஷனோ எங்களுக்கு அனுமதி இல்லாத தளத்தில் இருந்தது. கவுன்டருக்கே திரும்பி வந்தபோது அங்கிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "ஆக்சிஜன் லெவல் 94 இருக்குதுங்க மேடம், அப்புறம் என்ன?" என்றார். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் அப்பாவின் பெயர், படுக்கை எண், 15ஆம் தேதி பொட்டாசியம் 3.1, வயிற்றுப்போக்கு, மாத்திரையின் முழுப்பெயர், கால் தளர்ச்சி, தவறும் நாடித்துடிப்பு ஆகியவற்றை ஐந்து வரிகளில் எழுதி, சாப்பாடு எடுத்துப்போகும் ஊழியரிடம் கொடுத்து, டியூட்டி டாக்டர் கையில் சேர்க்கும்படி கெஞ்சினேன். அரை மணி நேரத்தில் டாக்டரே அழைத்தார். மாலையில் வந்த முடிவு 2.6. இசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் எழும் டி அலைகள் தட்டையாகியிருந்தன, இடையிடையே கூடுதல் துடிப்புகளும் இருந்தன. உடனே மானிட்டர் உள்ள படுக்கைக்கு மாற்றினார்கள். அந்த மாத்திரையையும் நிறுத்தினார்கள். இந்த அளவுக்குப் பொட்டாசியம் குறைந்தால் மூச்சுவிடப் பயன்படும் தசைகளும் தளரக்கூடும் என்று அவர் சொன்னபோதுதான், ஏற்கெனவே மூச்சுக்குப் போராடும் ஒருவருக்கு அது என்ன அர்த்தம் என்று எனக்கு உறைத்தது. அந்தத் துண்டுத்தாளுக்குச் செவிசாய்த்த அந்த இளம் டாக்டருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொட்டாசியத்தை ஏற்றுவது அவசரப்பட்டுச் செய்யும் வேலை அல்ல. கைநரம்பு வழியாக மணிக்கு 10 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியத்துக்கு இது 10 மில்லிமோலேதான்) என்ற அளவில், சலைனில் நன்றாகக் கலந்து மெதுவாகத்தான் விடுகிறார்கள்; நேராக ஊசியில் செலுத்தினால் இதயமே நின்றுவிடக்கூடும். அப்படி மெதுவாக விட்டும் நரம்பு எரிகிறது என்று அப்பா இருமுறை டிரிப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கை எரிந்தால் பிடுங்காமல் சிஸ்டரிடம் சொல்லி வேகத்தைக் குறைக்கச் சொல்லும்படி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள். வாய்வழியாகக் கொடுத்த பொட்டாசியம் குளோரைடு சிரப்பின் சுவை குமட்ட வைப்பது. சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாகக் குடித்தபோதுதான் அவருக்கு வயிற்றில் தங்கியது. இளநீரில் பொட்டாசியம் உண்டு என்று உறவினர்கள் ஆளுக்கு ஆள் அதைக் கொடுத்தனுப்பச் சொன்னார்கள். டாக்டர் அனுமதித்தார், ஆனால் 2.6 என்ற நிலையில் அளந்து கொடுக்கும் மருந்துக்கு அது மாற்றாகாது என்றார். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்ததால், பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி அதே இளநீர் அவருக்கு ஆபத்து என்றும், அவருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

ஒரு நாள் முழுக்க ஏற்றியும் 2.8க்கு மேல் போகவில்லை. மெக்னீசியம் குறைவாக இருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காது என்பதால் அதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆனால் அவர்களுடைய ஆய்வகத்தில் அந்தப் பரிசோதனை இல்லை. ஊரடங்கில் தம்பி மாதிரிக் குப்பியை எடுத்துக்கொண்டு போனான். முதல் ஆய்வகம் மூடியிருந்தது. இரண்டாவது ஆய்வகத்தில், குப்பியின் மேல் நோயாளி எண் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி மருத்துவமனைக்கு வந்து, புதிதாக இரத்தம் எடுத்து, ஒட்டுத்தாளில் பெயர், எண், நேரம் மூன்றும் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாலையாகிவிட்டது. ஒரு நாள் வீண். மெக்னீசியம் டெசிலிட்டருக்கு 1.3 மில்லிகிராம், குறைந்தது 1.7 ஆவது இருந்திருக்க வேண்டும். மெக்னீசியம் ஏற்றத் தொடங்கிய பிறகுதான் பொட்டாசியம் நகர்ந்தது.

23ஆம் தேதி இன்னொரு அதிர்ச்சி வந்தது. காலை முடிவில் பொட்டாசியம் 6.1 என்று இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள், பொட்டாசியத்தை இறக்க இன்சுலின் போடுவது பற்றிப் பேச்சும் தொடங்கிவிட்டது. இந்த முறை நான் பக்கத்தின் அடிவரை படித்தேன்: மாதிரி ஹீமோலைஸ் ஆகியுள்ளது என்று சிறிய எழுத்தில் குறிப்பு இருந்தது. எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும். டியூட்டி டாக்டரை அழைத்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன்; அவர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, டிரிப் ஏறாத கையிலிருந்து மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னார். வந்தது 3.4. அன்று 6.1ஐ நம்பி இன்சுலின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க நான் விரும்பவில்லை.

அப்பா தேறிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2020இன் தொடக்கத்தில் சீனாவின் வென்ஜோ நகரில் 175 நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள், பாதிப் பேருக்கு மேல் பொட்டாசியம் குறைந்திருந்ததையும், நோய் கடுமையானவர்களிடம் அந்தக் குறைவு அதிகமாக இருந்ததையும் பதிவுசெய்தார்கள். வைரஸ் செல்களின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வதால், அது சிதைக்க வேண்டிய ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் சிதையாமல் தேங்கி, சிறுநீரகம் பொட்டாசியத்தை இழக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இத்தாலியின் மோதேனாவில் 290 பேரைப் பார்த்தவர்களுக்கோ 41 சதவீதத்தினரிடம் குறைவு தென்பட்டது. ஆனால் பெரும்பாலும் லேசான குறைவுதான், அதற்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதற்கும் இறப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. எனவே இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்று கணிக்க முடியாது. அப்படிச் சொல்பவர்களை நம்பிப் பதறாதீர்கள். ஆனால் நோயும் சிகிச்சையும் சேர்ந்து உடலை எவ்வளவு வாட்டுகின்றன என்பதை அது காட்டுகிறது. அதைவிட முக்கியமாக, அது சரிசெய்யக்கூடியது. ஸ்டீராய்டும் இன்சுலினும் போகிற நோயாளிக்கு இன்றைய பொட்டாசியம் எவ்வளவு என்று தினமும் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஜூன் 3ஆம் தேதி டிஸ்சார்ஜ் செய்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பொட்டாசியம் குறைந்தது பற்றி ஒரு வரிகூட இல்லை. மருந்துச்சீட்டை மருந்துக் கடையில் நீட்டுவதற்கு முன் ஒவ்வொரு பெயராகப் படித்தேன்: ஆறாவது வரியில் அதே ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை, காலை ஒன்று என்று இருந்தது. பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். அப்பாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு மீண்டும் மேலே போய், இந்த முறை கவுன்டரில் நின்று மன்றாடாமல், டாக்டர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த வரியை அடித்து டெல்மிசார்டனை மட்டும் எழுதினார்; டெல்மிசார்டன் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றக்கூடியது என்பதால் சிரப்பை ஐந்து நாளில் நிறுத்தச் சொல்லித் தேதியும் குறித்தார்; சம்மரியில் பொட்டாசியம் 2.6, மெக்னீசியம் 1.3 என்ற இரண்டு எண்களையும் தன் கையாலேயே சேர்த்துக் கையெழுத்திட்டார். ஜூன் 10ஆம் தேதி வீட்டருகே பார்த்த பரிசோதனையில் பொட்டாசியம் 4.2 இருந்தது. அன்று மாலை அப்பா யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறி வந்தார்.