பத்து மீட்டருக்கு ஒரு சிக்கன ரைஃபிள்

பிள்ளையைப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து “எவ்வளவு வேகமாகச் சுடும்?” என்பார்கள். வேகத்தைப் பற்றிய கேள்வியை அப்போதே ஓரமாக வைத்துவிடுவது நல்லது. 0.53 கிராம் பெல்லட் (ரைஃபிள் சுடும் சிறு ஈயக் குண்டு) வினாடிக்கு 175 மீட்டரில் கிளம்பினால் அதன் ஆற்றல் 8 ஜூல்தான். உலகப் போட்டிகளில் சுடுகிற ரைஃபிள்களும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இயங்குகின்றன. 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. அந்த வரம்பில் பாதிகூட நமக்குத் தேவைப்படாது. “பவர்” என்று விளம்பரம் செய்யும் ரைஃபிள் இந்த விளையாட்டுக்கு ஆகாது.

நமக்கு வேண்டியது ஒவ்வொரு சூட்டிலும் மாறாத வேகம். இலக்குத்தாளில் உள்ள வட்டங்களின் மொத்த விட்டம் 45.5 மி.மீ., பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. பெல்லட் பத்து மீட்டரைக் கடக்கச் சுமார் 0.06 வினாடி பிடிக்கிறது. அதற்குள் 17 மி.மீ. அளவுக்குக் கீழே இறங்குகிறது. வேகம் 3 மீட்டர் குறைந்தால் அந்த இறக்கம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். மதிப்பெண்ணைப் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் தசமக் கணக்கில் 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. என்பதால், சுடுகிறவர் எந்தத் தவறும் செய்யாமலே 0.2 புள்ளி போய்விடும். 60 சூடுகள் உள்ள போட்டியில் இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் வாங்குவதற்கு முன், பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பத்து சூடு சுட்டு மிகக் குறைந்த வேகத்தையும் மிக அதிக வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3 மீட்டருக்குள் இருந்தால் நல்ல ரைஃபிள். 5 மீட்டர் என்றால் தொடக்கப் பயிற்சிக்குப் போதும். அதைத் தாண்டினால் வேண்டாம். காற்றழுத்தச் சிலிண்டரில் இயங்கும் ரைஃபிள் என்றால், பிறகு அதை அரைமணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி ஒரு சூடு சுடுங்கள். அந்த முதல் சூடு மட்டும் வேகம் எகிறினால் ஒவ்வொரு சூட்டுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கசிகிறது என்று அர்த்தம்: அதன் இருக்கை சரியாக மூடாமல், சிலிண்டரின் உயரழுத்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னறைக்குள் ஊறுகிறது. சீல் மாற்றினால் சரியாகும். ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் எங்கள் தேர்வு பழைய போட்டி ரைஃபிள்தான். ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் ஸ்பிரிங்கில் இயங்குவது. உடலே சறுக்கிப் பின்னால் போய் அதிர்வை வாங்கிக்கொள்ளும். சிலிண்டர், பம்ப் எதுவும் வேண்டாம். ஒரே அழுத்தில் காற்றை நிரப்பும் 600 வரிசைக்கும் அவை வேண்டாம். ஆனால் உதிரிபாகம் கிடைக்குமா, சீல் மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். பேரலை மடித்து ஏற்றும் சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில், பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசையத் தொடங்கிவிடும். அதில் பழகுகிற பிள்ளைக்குத் தன் தவறு எது, ரைஃபிளின் தவறு எது என்று பிரித்துப் பார்க்கவே தெரியாமல் போகும்.

சிலிண்டர் ரைஃபிள் என்றால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்தவர் சொன்ன காலக்கெடு (பெரும்பாலும் பத்து வருடம்) கடந்ததைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். குறைந்த விலைக்கு விற்கப்படும் பல ரைஃபிள்களில் விலை குறைந்த காரணமே இதுதான். 200 பார் அழுத்தம் வரை மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி, ஆறியபின் அழுத்தம் இறங்கிவிடும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் கைப்பம்புக்கு ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் கட்டாயம். இல்லையென்றால் உள்ளே தண்ணீர் சேர்ந்து ரெகுலேட்டர் துருப்பிடிக்கும். வெல்டிங் கடை ஆக்ஸிஜனை எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பக் கூடாது. உயரழுத்த ஆக்ஸிஜன் கிரீஸோடு சேர்ந்தால் வெடிக்கும்; உயிர் போகும்.

இனி பேரல். முனையின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சை மெல்ல உருட்டுங்கள். இழை எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. பிசிறு உள்ள பக்கம் காற்று சமமாகப் பிரியாமல் பெல்லட்டைத் தள்ளிவிடும். அடுத்து ரைஃபிளை அசையாதபடி வைஸில் (பட்டறைப் பிடிகருவியில்) இறுக்கி, 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவு மாறும் தட்டைத்தலை பெல்லட்டுகளில் பத்துப் பத்தாகச் சுடுங்கள். தாளில் விழுந்த பத்துத் துளைகளின் கூட்டம், அதாவது குரூப், வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை 6 மி.மீ. வந்தால் மகிழ்ச்சி, 8 மி.மீ. வந்தாலும் வாங்கலாம். குரூப் திடீரென்று விரிந்தால் பேரலைப் பழிக்கும் முன் ஸ்டாக்கின் (தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டையின்) திருகுகளைப் பாருங்கள். அவை தளர்ந்திருப்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். கையேட்டில் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். பேரலைச் சுத்தம் செய்ய ஃபெல்ட் துணியாலான பெல்லட் போதும். இரும்புப் பிரஷ் வேண்டாம்.

முனையில் ஏதாவது மாட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு வருகிறது. லேத் பட்டறையில் கொடுத்து மரை வெட்டித் தரச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல நல்ல பேரல்களில் முனைக்குப் பக்கத்தில் துளை நுண்ணளவில் இறுகியிருக்கும். பெல்லட் கடைசியாக அதில் பிடிபட்டுத்தான் ஒரே மாதிரி வெளியேறுகிறது. வெளிப்புற உலோகத்தைக் கடைந்தெடுத்தால் உள் தகைவு மாறி அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். மரை துளையின் மையத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மாட்டிய குழாயில் பெல்லட் உரசி, தாளில் வட்டத்துக்குப் பதில் நீள்துளை விழும். பேரலிலோ நீட்டிப்புக் குழாயிலோ துளைகள் இருக்கக் கூடாது, உள்ளே வேறு எந்தச் சாதனமும் இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. சோதனை மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். பார்வைக் கோட்டை நீட்ட வேண்டுமென்றால் அந்த ரைஃபிளைத் தயாரித்தவரே விற்கும் கவ்விக் குழாயை வாங்குங்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் சைட்டைப் புதிதாகச் சரிபாருங்கள்.

எடை உச்சவரம்பு 5.5 கிலோ. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கூடாது. 4 கிலோவுக்குப் பக்கத்தில் தொடங்கி, தோளும் இடுப்பும் தாங்கத் தாங்க எடைக்கட்டிகளைச் சேர்க்கலாம். கன்னத்தாங்கியும் பின்தட்டும் நகர்கிற ஸ்டாக்கே வாங்குங்கள். கன்னத்தாங்கி தாழ்வாக இருந்தால் பிள்ளை கழுத்தை வளைத்து சைட்டின் துளையைத் தேடும். இரண்டு மாதத்தில் அந்த வளைவு பழக்கமாகிவிடும், பிறகு அதை மாற்றப் பயிற்சியாளர் படும் பாடு பெரிது. ரைஃபிளில் மிச்சம் பிடித்த பணத்தை உடலுக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டுக்கும், ஒத்துப்போன அதே பேட்ச் பெல்லட்டை ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்குவதற்கும் வையுங்கள்.