ஏழு தட்டுகளும் ஒரு கேத்திலும்

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் தரம் 4 படிப்பிக்கிறேன். 1997 இல் வந்த ஐபி (International Baccalaureate என்ற சர்வதேசக் கல்வி அமைப்பு) ஆரம்ப நிலைத் திட்டத்தின் முறையை நாங்கள் பின்பற்றப் பார்க்கிறோம். ஆறு பெரிய கருப்பொருள்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்வியிலிருந்து நகரும் பாடம். அதே பிள்ளைகள் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சையும் எழுத வேண்டும். ஆகவே தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் என் மேசையில் திறந்தே கிடக்கும்.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று முதல் தவணை முழுக்கத் தலையை உடைத்தேன். காலையில் ஒன்று, மத்தியானம் மற்றது என்று பிரித்து, இரண்டையும் கெடுத்ததுதான் மிச்சம்.

இரண்டாம் தவணையில் ‘பூமியைப் பகிர்தல்’ என்ற கருப்பொருளையும், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் வரும் நீர் பற்றிய பகுதியையும் ஒன்றாக எடுத்தேன். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கிணறுகளில் அள்ளுவது அதைத்தான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். இதைவிட நல்ல பாடப்பொருள் வேறெங்கே கிடைக்கும்?

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரச் சொன்னேன். ஏழு எவர்சில்வர் தட்டுகளில் ஒரே அளவாக ஊற்றி வெயிலில் வைத்தோம். கரையோரத்துத் தண்ணீர் வற்றினால் உப்புப் படியும், கடலுக்குத் தள்ளிய உள்நிலப் பக்கத்துத் தட்டு வெறுமையாக இருக்கும். இதுதான் என் திட்டம். வற்றிய பின் பார்த்தால் உள்நிலத்து ஊரான உரும்பிராயின் தட்டிலும் வெள்ளை! திட்டம் கவிழ்ந்தது. விடையை நானே சொல்லி முடித்துவிட வாய் திறந்தேன்.

அதற்குள் ஒருவன், “ரீச்சர், எங்கட கேத்திலுக்குள்ளயும் இப்பிடித்தான் இருக்கு. அம்மா தேசிக்காய் விட்டுத்தான் கழுவுறவ” என்றான்.

அடுத்த நாள் கேத்திலில் சுரண்டிய துண்டொன்று காகிதத்தில் பொதிந்து வந்தது. தேசிக்காய்ப் புளி விட்டோம், நுரைத்தது. கறியுப்பில் விட்டோம், ஒன்றும் இல்லை. வெள்ளை எல்லாம் உப்பு அல்ல, சுண்ணாம்பும் இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். வழிகாட்டியில் எதிர்பார்த்த தேர்ச்சிகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டு நாளில் வந்துவிட்டன. உண்மையில் எங்கள் பாடத்திட்டம் செயற்பாட்டைத்தான் கேட்கிறது. பாஸ்ட் பேப்பரைப் பார்த்துப் பயந்து அதை நோட்ஸ் ஆக்கியது நாங்கள்தான்.

சரி, எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடிக்கவிடவும் முடியாது. வாய்பாட்டையும் ண, ன, ந வேறுபாட்டையும் நேரே சொல்லிக் கொடுத்துப் பழக்க வேண்டும். அதில் நான் பழைய ஆள்தான்.

பெற்றோர் சந்திப்பில் ஒரு தாய் கொப்பியை விரித்தார். “இரண்டு கிழமையா கொப்பியில ஒண்டும் இல்லையே, ரீச்சர். ரியூசனில எவ்வளவு எழுதியிருக்கினம் பாருங்கோ.” எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: நுரைத்ததை நாங்கள் பார்த்தோம், யாரும் எழுதவில்லை. இப்போது கடைசிப் பதினைந்து நிமிடம் எழுத்துக்கு. கண்டது, நினைத்தது, பிழைத்தது மூன்றையும் பிள்ளைகள் தங்கள் சொல்லில் எழுதுகிறார்கள். மொழிப்பாடமும் அதிலேயே நடந்துவிடுகிறது.

கேத்தில்காரன் அந்தக் கொப்பியில் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறான்: மழைத்தண்ணியை வத்த விட்டால் தட்டில் என்ன மிஞ்சும்? ஏழு தட்டுகளும் கழுவி அலுமாரியில் இருக்கின்றன. ஐப்பசி பிறக்கட்டும்.